நாலாவது தோள்

வேலியின் வாயிற்கதவு உள்ளே திறக்குமா வெளியே திறக்குமா என்று தெரியாமல் பெர்சி பாஸ்கோ அதை இரண்டு தரம் தள்ளிப் பார்த்தான், பிறகு இழுத்தான். உள்ளே நின்ற அண்டை வீட்டுப் பெண்கள் இருவர் அவன் திண்டாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்களே தவிர, ஒருத்தியும் கிட்டே வரவில்லை. கடைசியில் கொக்கி கதவுக்கு மேலே இருப்பது கண்ணில் பட்டது. சொந்தத் தம்பி வீடு. இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. பதினைந்து வருஷமாக அவன் இந்தப் பக்கம் வந்ததில்லை.

அந்தத் தம்பி, டிரைவர் ஈனாக் பாஸ்கோ, முன்னறையில் பெட்டிக்குள் கிடந்தான். செவ்வாய்க்கிழமை காலை சரக்கு ரயிலை ஓட்டிக்கொண்டு போனவன், பதின்மூன்றாம் மைல் ஏற்றத்தில், உட்கார்ந்த இடத்திலேயே போய்விட்டான். நாற்பத்தேழு வயது. அப்போது என்ஜினில் அவனோடு இருந்தது கரி போடுகிற ஃபயர்மேன் ஒருவன்தான். அந்த ஃபயர்மேன் பெர்சி.

கில்லவாரா ரயில்வே ஊர். அங்கே ஒரு டிரைவர் செத்தால் என்ஜின் ஷெட் ஆட்கள் ஆறு பேர் பெட்டியைத் தூக்குவது வழக்கம். யாரும் போய்க் கேட்க வேண்டியதில்லை, தானாக வந்து நிற்பார்கள். குடித்துக் குடித்தே ஈரலைக் கெடுத்துக்கொண்டு செத்த ஒருவனுக்குக்கூட ஆறு தோளுக்கு எட்டுப் பேர் வந்தார்கள். ஈனாக்குக்கு வந்தது மூன்று பேர். பதினேழாம் வருஷ வேலைநிறுத்தத்தில் பாதியிலேயே அவனோடு வேலைக்குத் திரும்பிய இரண்டு கிழங்கள், வெளியூரிலிருந்து ரயிலேறி வந்த அவன் மைத்துனன். மூன்று பேர் தூக்கினால் பெட்டியின் ஒரு மூலை தரையைப் பார்க்கும். சவப்பெட்டிக் கடைக்காரர் ஆள் போதவில்லை என்று காலையிலிருந்து கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

ஷெட் ஆட்கள் வராமலில்லை. தெருவின் எதிர்ப்பக்கம், வேலி ஓரமாக, இருபது பேர் வரிசையாக நின்றிருந்தார்கள். தேவாலயத்துக்குப் போடுகிற ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு, கைகள் பைக்குள். நடுவில் காஸ்டிகன். சங்கத்தின் செயலாளர், பெர்சியின் நண்பன், போதாததற்கு வீட்டுக்காரன். கல்யாணமாகாத பெர்சி பன்னிரண்டு வருஷமாக அவன் வீட்டுப் பின்னறையில்தான் இருந்தான். ஞாயிறுதோறும் அவர்களோடுதான் ஆட்டுக்கறிச் சாப்பாடு.

காலையில் அந்த வீட்டுச் சமையலறையில் பேச்சு நடந்திருந்தது.

"நேத்து கிளைக் கூட்டம் போட்டோம் பெர்சி. உன்னைக் கூப்பிடலை. நீ சங்கடப்படுவேன்னு விட்டுட்டோம்."

"என்ன முடிவு பண்ணீங்க?"

"தீர்மானத்துல 'சாகும் வரை'ன்னுதான் இருக்கு. செத்தப்புறம் என்னன்னு ஒண்ணும் இல்ல. அதுலயே ரெண்டு மணி நேரம் போச்சு. ஒருத்தன், அவன் சாகற வரைக்கும்னு அர்த்தம்ங்கறான். இன்னொருத்தன், நாம சாகற வரைக்கும்ங்கறான்."

"எழுதினவன் நான். என்னைக் கேட்டிருக்கலாமே."

காஸ்டிகன் சிரிக்கவில்லை. "தெருவுல வந்து நிக்கலாம். தொப்பியைக் கழட்ட வேண்டாம். தோள் குடுக்கக்கூடாது. இதான் முடிவு."

"அவன் எனக்குத் தம்பிடா."

"தெரியும். அதனாலதான் காலைலயே சொல்றேன். நீ தோள் குடுத்தா, நானும் உன்கிட்ட பேச முடியாது பெர்சி. நான் செயலாளர். எனக்கு மட்டும் தனிச் சட்டம் போட்டுக்க முடியுமா?"

திருமதி காஸ்டிகன் அடுப்புப் பக்கம் திரும்பி நின்று ஒன்றுமில்லாத சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவன் உண்மையிலேயே பெர்சிதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினேழு ஆகஸ்ட். ஒவ்வொருவனும் எந்த வேலைக்கு எத்தனை நிமிஷம் எடுத்தான் என்று சீட்டில் குறிக்கப் போகிறோம் என்று நிர்வாகம் சொன்னது. மாநிலம் முழுக்க ரயில் நின்றது. ஊர் மண்டபத்தில் கூட்டம். பெர்சி எழுந்து, பாதியில் வேலைக்குப் போகிற கருங்காலியோடு சாகும் வரை பேசுவதில்லை, புகைபிடிக்கும் குழாய்க்கு நெருப்புக்கூடக் கொடுப்பதில்லை என்றான். கைகள் எல்லாம் உயர்ந்தன. அதில் ஈனாக்கின் கையும் ஒன்று. பன்னிரண்டாம் நாள் ஈனாக் வேலைக்குப் போனான்.

அவர்களுக்கு மூன்றாவதாக ஒரு தம்பி இருந்தான், நெட். அப்போது போருக்குப் போய் பெல்ஜியத்தில் சேற்றுக் குழியில் கிடந்தான். சாப்பாடு வந்து சேரவில்லை என்று அவனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ரயில் ஓடினால்தான் துறைமுகத்துக்குச் சரக்கு போகும், சரக்கு போனால்தான் பையன் சாப்பிடுவான் என்று ஈனாக் கணக்குப் போட்டான். பெர்சிக்கும் நெட் தம்பிதான். ஆனால் நிர்வாகத்தின் சீட்டுக்கும் நெட்டின் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அவன் கேட்டான். பதில் கேட்க நிற்கவில்லை. அதுதான் தம்பியோடு அவன் பேசிய கடைசிப் பேச்சு. அக்டோபரில் நெட் செத்த தந்தி வந்தபோது, இரண்டு அண்ணன்களும் இரண்டு வீட்டில் தனித்தனியாக அழுதார்கள்.

வேலைநிறுத்தம் தோற்றது. பாதியில் வேலைக்குப் போகாதவர்களின் பணி மூப்பைப் பறித்துக்கொண்டு கடைநிலையில் தள்ளினார்கள். தம்பி டிரைவர் ஆனான், அண்ணன் கரி அள்ளினான். எட்டு வருஷம் கழித்து ஒரு தொழிலாளர் அரசு வந்து மூப்பைத் திருப்பிக் கொடுத்தது. டிரைவர் தேர்வு மட்டும் எழுதினால் போதும். தேர்வு வைக்கிறவன் பதினேழில் கருங்காலியாக இருந்தவன். அவன் முன்னால் போய்க் கைகட்டி நிற்க மாட்டேன் என்றான் பெர்சி. பிடிவாதத்துக்கு மெடல் கொடுப்பதென்றால் பாஸ்கோ குடும்பத்துக்கே எல்லாம் போயிருக்கும்.

இந்த லட்சணத்தில் ஐந்து வருஷமாக இருவரையும் ஒரே என்ஜினில் போட்டிருந்தார்கள். டியூட்டி போடுகிற கிளார்க் ஓட்லியின் வஞ்சனை என்று பெர்சி நினைத்தான், ஷெட்டே அப்படித்தான் நினைத்தது. டிரைவர் கைகாட்டியைப் பார்த்துச் சத்தமாகச் சொல்ல வேண்டும், ஃபயர்மேன் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், அது விதி. ஈனாக் சொல்வான். பெர்சி ஷவலால் தரையில் ஒரு தட்டுத் தட்டுவான்.

ஈனாக் சும்மா வருகிறவனும் இல்லை. வழியெல்லாம் பேசுவான். மழையைப் பற்றி, முயலைப் பற்றி, ஆற்றங்கரைக் கூடாரங்களில் வேலையில்லாமல் கிடக்கிறவர்களைப் பற்றி. மூன்று வாரம் முன்பு கவர்னர் மாநிலத்தின் தொழிலாளர் அரசையே வீட்டுக்கு அனுப்பியபோது, அது சரியில்லை என்று அவனே சொன்னான். பெர்சியைப் பேச வைக்கத் தந்திரமெல்லாம் செய்வான். நெட் கிணற்றில் விழுந்த கதையை வேண்டுமென்றே பதினோரு வயதில் என்று சொல்வான். ஒன்பது வயதில்டா மடையா என்று பெர்சியின் நாக்கு நுனிவரை வரும். வாயை இறுக்கிக்கொண்டு கரி அள்ளுவான். பின்னால் ஈனாக் சிரிப்பது கேட்கும்.

ஹில்டா சமையலறையில் ரொட்டித் துண்டுகளுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். கறுப்பு உடை, அதற்கு மேல் ஏப்ரன். பெர்சியைப் பார்த்ததும் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவள் தலை முழுக்க நரைத்திருந்தது. தேவாலயத்திலும் கடைத்தெருவிலும் தூரத்தில் பார்த்ததுதான், இவ்வளவு நரை என்று அவனுக்குத் தெரியாது.

"ஹில்டா, ஒரு ஆள் கொறையுதுன்னு சொன்னாங்க."

"கொறையுது."

"நான் தூக்கறேன்."

"வெளிய நிக்கறவங்க என்ன சொல்வாங்க?"

"சொல்ல மாட்டாங்க. அதான் அவங்க வழக்கம்."

அவள் கத்தியில் ஒட்டிய வெண்ணெயை ரொட்டியின் ஓரத்தில் வழித்தாள். "அது அப்புறம். மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. கடைசியா அவர் என்ன சொன்னார்?"

பெர்சி தொப்பியைக் கையில் சுழற்றினான். "விசாரணையிலேயே சொல்லிட்டேனே. நான் திரும்பிப் பாக்கும்போது முடிஞ்சிருந்துச்சு."

"முடிஞ்சது தெரியும். அதுக்கு முன்னாடி கேக்கறேன். அவர் வாயை மூடிட்டு இருக்கற மனுஷன் இல்ல. தூக்கத்துலயே பேசுவார். பத்து மைல் ஒண்ணுமே சொல்லாம போனார்னு நான் நம்பணுமா?"

இந்தக் கேள்வி வரும் என்று அவனுக்குத் தெரியும். இரண்டு ராத்திரி அதற்கு ஒரு பதில் தயார் செய்திருந்தான். நல்ல பதில், கேட்கிறவளுக்கு ஆறுதலாக இருக்கும், யாருக்கும் கெடுதல் இல்லை.

"உன் பேரைத்தான் சொன்னான் ஹில்டா. உன்னைப் பாத்துக்கச் சொல்லி..."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "பெர்சி. இருபத்திரண்டு வருஷம் அவர் பேசறதைக் கேட்டிருக்கேன். எது அவர் பேச்சு, எது இல்லைன்னு எனக்குத் தெரியாதா? நெஜத்தைச் சொல்லலைன்னா அவர் பெட்டியில நீங்க கை வைக்கக்கூடாது. மூணு பேர் தூக்கட்டும். நாலாவதா நான் தூக்கறேன்."

பெண்கள் இடுகாட்டுக்கே போவதில்லை, இவள் பெட்டியைத் தூக்குகிறேன் என்கிறாள். சொன்னால் செய்கிறவள் என்றும் அவனுக்குத் தெரியும். முன்னறையில் போதகர் தொண்டையைச் செருமுவது கேட்டது. பொய் இன்னும் வாயில்தான் இருந்தது. அதையே அழுத்திச் சொன்னால் அவளால் என்ன செய்ய முடியும்? சாட்சி யார் இருக்கிறார்கள்? பெர்சிக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

"கை மரத்துப்போச்சுன்னான்," என்றான்.

ஹில்டா வெண்ணெய்க் கையை ஏப்ரனில் துடைத்தாள்.

"'பெர்சி, கை மரத்துப்போச்சு. ரெகுலேட்டர் கைப்பிடியைக் கொஞ்சம் நீ புடிக்கறியா?' இதான் சொன்னான்."

"நீங்க?"

"நான் திரும்பலை."

"ஏன்?"

"பேச வைக்கத்தான் சொல்றான்னு நெனச்சேன். எப்பவும் அப்படி ஏதாவது சொல்லுவான். தண்டவாளத்துல மாடு நிக்குதும்பான், திரும்பிப் பாத்தா ஒண்ணும் இருக்காது. இதுவும் அதுமாதிரின்னு..." அவன் தொப்பியின் விளிம்பை மடக்கினான். "நாலு ஷவல் கரி போட்டேன். தரையில ரெண்டு தட்டும் தட்டினேன். கேட்டுச்சு, சும்மா இருங்கற மாதிரி. அப்புறம் சத்தமே இல்ல. அதுதான் வித்தியாசமா இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் திரும்பினேன்."

"அப்புறம்?"

"ஏத்தத்துல நிறுத்த முடியாது. அவனை நிமிர்த்தி உக்கார வெச்சு என் பெல்ட்டால கட்டினேன். நானே ஓட்டிட்டுப் போனேன், அடுத்த ஸ்டேஷன் வரைக்கும். இருபது நிமிஷம். பேசிட்டே போனேன்."

"அவர்கிட்டயா?"

"ம்."

"என்ன பேசினீங்க?"

பெர்சி கையால் மூக்கைத் துடைத்தான். "கைகாட்டி எறங்கியிருக்குன்னு சொன்னேன். தண்டவாளம் மாறற பாயிண்ட் சரியா இருக்குன்னு சொன்னேன். வேற ஒண்ணும் வாயில வரலை ஹில்டா. அதையே சொல்லிட்டு இருந்தேன்."

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று அவன் காத்திருந்தான். திட்டியிருந்தால் எத்தனையோ தேவலை.

"உங்க ரெண்டு பேரையும் ஒரே என்ஜின்ல போட்டது யாரு, தெரியுமா?" என்று கேட்டாள்.

"ஓட்லி. அந்தப் பயலுக்கு என்மேல காழ்ப்பு."

"ஓட்லிக்கு உங்களைப் பத்தி ஒரு நெனப்பும் கெடையாது. ஒவ்வொரு மாசமும் யார் யார்கூடன்னு ஜோடி எழுதறதுக்கு மொத நாள் ஈனாக் போய் அவன் ஜன்னல்ல நிப்பார். அண்ணனை என்கூடப் போடுன்னு கேப்பார். ரெண்டு முயலோ, கொஞ்சம் தக்காளியோ எடுத்துட்டுப் போவார். யார்கிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கியிருந்தார். அஞ்சு வருஷமா இதான்."

பெர்சி தொப்பியை மேசைமேல் வைத்தான்.

"வேற டிரைவர்கிட்ட விட்டா, ஒரு நாள் சண்டை வந்து ஷவலை வீசிட்டுப் போயிடுவான், இந்தக் காலத்துல அவனுக்கு வேற வேலை எங்க கெடைக்கும்பார். நான்தான் கேப்பேன், ஒரு வார்த்தை பேசாத மனுஷனோட உங்களுக்கு எப்படிப் பொழுது போகுதுன்னு. நல்லாத்தான் போகுதும்பார்." அவள் ஏப்ரனின் நுனியை இழுத்து மடித்தாள். "செவ்வாய்க்கிழமை காலைலயே கை சரியில்ல. டீக் கோப்பையைக் கீழ போட்டார். இன்னிக்குப் போக வேண்டாம்னேன். நான் போகலைன்னா அவனை யார்கூடப் போடுவாங்களோன்னுட்டுத் தொப்பியை எடுத்து மாட்டிட்டார்."

முன்னறையில் ஜெபம் தொடங்கியது. இருவரும் அங்கே போகவில்லை. பெர்சிக்கு அப்போது அந்த மேசைமேல் தலையை வைத்துக் கதற வேண்டும்போல் இருந்தது. அதற்கு உரிமை அவளுக்கு இருக்கிறது, தனக்கு இல்லை என்று தோன்றியது. நின்றபடியே நின்றான்.

ஜெபம் முடிந்து நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. சவப்பெட்டிக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "அம்மா, நேரமாச்சு. நாலாவது ஆள்..." என்று இழுத்தார்.

ஹில்டா பெர்சியைப் பார்க்காமல் சொன்னாள். "இவர்தான். தூக்குங்க பெர்சி. இதையும் அவர் கேட்டுத்தான் வாங்கியிருப்பார்."

பின்பக்க இடது மூலை அவனுக்குக் கிடைத்தது. பதினைந்து வருஷமாக அவன் பேசாதிருந்த அந்த இரண்டு கிழவர்களில் ஒருவன் பக்கத்தில். ஈனாக் ஒல்லிதான், ஆனால் ஓக் பலகை கனத்தது. படி இறங்கும்போது பெட்டி முன்பக்கம் சாய்ந்தது. "மெதுவா," என்றான் கிழவன். "சரி," என்றான் பெர்சி. அந்த ஒரு சொல் தெருவின் எதிர்ப்பக்கம் வரை கேட்டிருக்கும்.

காஸ்டிகன் அவனை நேராகப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. வாயிலிருந்து புகைக்குழாயை எடுத்தான், பைக்குள் வைத்தான், திரும்பி வேலியைப் பார்த்து நின்றுகொண்டான். அடுத்தவன் திரும்பினான், அதற்கடுத்தவன் திரும்பினான். கடைசியில் இருபது முதுகுகள். ஒவ்வொரு கோட்டும் பெர்சிக்குத் தெரியும், எதன் முழங்கையில் யார் மனைவி ஒட்டுப் போட்டாள் என்பதுகூடத் தெரியும். பெட்டியை வண்டிக்குள் தள்ளிவிட்டு, அவன் அந்த முதுகுகளைத் தாண்டி நடந்தான்.

இடுகாட்டில் போதகர் சுருக்கமாக முடித்துக்கொண்டார். காற்று பலமாக இருந்தது. ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள். மைத்துனன் கைகுலுக்கிவிட்டு மத்தியான ரயிலைப் பிடிக்கப் போனான்.

பெர்சி திரும்பி வந்தபோது அவன் டிரங்குப் பெட்டி காஸ்டிகன் வீட்டு வராந்தாவில் இருந்தது. எறிந்து வைத்ததாக இல்லை. சட்டைகளைத் தேய்த்து மடித்திருந்தார்கள். வேலைக்குப் போடுகிற பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டு மேலே வைத்திருந்தார்கள். ஒரு துணியில் ரொட்டியும் ஆட்டுக்கறியும் சுற்றியிருந்தது, இன்னும் சூடு ஆறவில்லை. கதவு சாத்தியிருந்தது. உள்ளே திருமதி காஸ்டிகன் நடமாடுகிற சத்தம் கேட்டது. அவன் தட்டவில்லை. பொட்டலத்தைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, டிரங்கைத் தோளில் ஏற்றி, ஷெட்டுக்கு நடந்தான். ஷெட்டுக்குப் பின்னால் வெளியூர் ஆட்கள் தங்குகிற தகரக் கொட்டகை ஒன்று உண்டு, படுக்க அங்கே இடம் கிடைக்கும்.

நாலு மணிக்கு மறுநாள் லிஸ்ட் மாட்டுவார்கள். ஓட்லியின் ஜன்னல் முன் நின்றிருந்த இரண்டு ஃபயர்மேன்கள் இவனைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டு நகர்ந்து போனார்கள். ஓட்லி நிமிர்ந்து பார்த்தான். மூக்குக் கண்ணாடிக்குப் பின்னால் சின்னக் கண்கள். இந்த ஆளை ஐந்து வருஷம் மனதுக்குள் எத்தனை விதமாக வைதிருக்கிறோம் என்று பெர்சி நினைத்துக்கொண்டான்.

"வந்தியா? உனக்காகத்தான் லிஸ்டை மாட்டாம வெச்சிருக்கேன்," என்றான் ஓட்லி. "காலை அஞ்சு நாப்பது சரக்கு. உன் பேரு இருக்கு. டிரைவர் இடம் காலி."

"சரி."

"சரி இல்ல. நாலு பேரைக் கேட்டுட்டேன். சங்கத்து ஆள் மூணு பேர் உன்கூட ஏற மாட்டேங்கறாங்க. பதினேழுல வேலைக்குப் போன ஆள் ஒருத்தரு, இவன் ஷவலால தட்டற சத்தத்தை என்னால கேக்க முடியாதுப்பாங்கறார்." தாளைத் திருப்பி ஜன்னல் வழியாக நீட்டினான். "நீயே சொல்லு. யார்கூடப் போடட்டும்?"

பெர்சி டிரங்கைக் கீழே வைத்தான். தாளின் ஓரத்தில் கில்லவாரா ஷெட்டின் டிரைவர்கள் பதினேழு பேரின் பெயர்களும் வரிசையாக எழுதியிருந்தன. ஈனாக்கின் பெயர்மேல் கோடு போட்டிருந்தார்கள். தன்னோடு இனிப் பேசாதவன், தான் பேசாதவன் என்று அவன் மேலிருந்து கீழே ஒவ்வொன்றாக வாசித்தான். முடித்துவிட்டு மறுபடி மேலிருந்து தொடங்கினான்.

ஓட்லி காலி இடத்தில் பென்சில் முனையை வைத்துக்கொண்டு காத்திருந்தான்.